ஊட்டி காட்டேஜ், கணப்பு, விறகு: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். பொங்கல் லீவுக்கு மூணு நாள், சென்னையிலிருந்து ஊட்டி. பெரியவங்க நாலு, பிள்ளைங்க மூணு. சென்ட்ரல்ல நீலகிரி எக்ஸ்பிரஸ், மேட்டுப்பாளையத்திலிருந்து வேன், அதுக்கு இ-பாஸ். ஊர் சுத்துற எண்ணமே இல்ல. கணப்பு முன்னாடி கேரம் போர்டு போதும்.

குழப்பம் கணப்புலதான். புகைபோக்கியை மூடித் திறக்கிற தகட்டை முழுசாத் திறந்து, ஒரு ஜன்னலை ரெண்டு விரக்கடை திறந்து வைக்கணும், சரி. புகைபோக்கி ஜில்லுனு கிடந்தா உள்ள இருக்கிற கனமான காத்து புகையை ரூமுக்குள்ளயே தள்ளிடும். அதனால முதல்ல பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி, தகட்டுக்குக் கீழ ஒரு நிமிஷம் பிடிச்சு சூடேத்தணும். ஈர யூகலிப்டஸ் வந்து சேர்ந்தா இதெல்லாம் வீண்: கட்டை முனையில நுரை தள்ளும், சீறும், கண் எரியும். காஞ்ச கட்டைன்னா ரெண்டைத் தட்டினா ணங்குனு கேக்கும். கரி அடுப்பைப் படுக்கிற ரூம்ல வைக்கிற யோசனையே வேண்டாம். அதிலிருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது.

காஞ்ச விறகு எங்க கிடைக்கும்? ராத்திரிக்கு எத்தனை கிலோ பிடிக்கும்?

இன்னொண்ணு, சமையல். 2,240 மீட்டர் உயரத்துல தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், பருப்பு வேகாது. குக்கர் எடுத்துட்டு வர்றோம். அங்க எத்தனை விசில் கூட வைக்கிறீங்க? இட்லி மாவு அந்தக் குளிர்ல பொங்காது. இங்கேயே புளிக்க வெச்சு, பாதி டப்பா மட்டும் நிரப்பினா ரயில்ல வழியாம வருமா?