லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த எஸ்டீம் 11க்கு இறங்கிவிட்டது: குற்றம் பெட்ரோலிலா, எஞ்சினிலா?

உடுமலை எஸ்டீம்:

அனைவருக்கும் வணக்கம். நான் உடுமலைப்பேட்டையில் வசிக்கிறேன். அப்பா வாங்கிய 2001 மாடல் மாருதி எஸ்டீம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. 1298 சிசி, கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து பீச்சும் எம்பிஎஃப்ஐ எஞ்சின். வாரநாட்களில் ஸ்கூட்டரில் போய்வருவதால் கார் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வெளியே வரும். விடியலில் கிளம்பி, பொள்ளாச்சி வழியாக ஆழியாறு வரை ஓட்டிப்போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு வீடு திரும்புவது பல வருடப் பழக்கம். போகவர ஏறத்தாழ 110 கிலோமீட்டர். எந்த வேலைக்காகவும் போவதில்லை; ஓட்டுவதற்காகவே போகிறேன்.

அப்பா இந்த வண்டியை எடுத்தபோது பெட்ரோல் லிட்டர் முப்பது ரூபாயை ஒட்டி இருந்தது. 2021இல் நூறைத் தொட்டது. இடையில் மத்திய அரசும் மாநில அரசும் வரியைக் குறைத்தபோதும் எங்கள் பக்கம் அது நூறுக்குக் கீழே நிலைத்து நிற்கவில்லை. கணக்குக்காக 102 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். விலை மட்டும் ஏறியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். ஆனால், முன்பு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இரண்டு வருடங்களாகப் படிப்படியாக இறங்கி இப்போது 11இல் நிற்கிறது. கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 29 காசு ஆகவேண்டிய இடத்தில் 9 ரூபாய் 27 காசு ஆகிறது.

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இரண்டையும் மாற்றிவிட்டேன். எங்கள் மெக்கானிக், "இப்ப வர்ற பெட்ரோலே அப்படித்தானுங்க, எல்லா வண்டியும் இதே கதைதானுங்க" என்று முடித்துவிட்டார். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா? விலை கூடிய ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மைலேஜ் ஏறுமா? கேஸ் கிட் மாட்டலாமா? வீட்டில் சொல்லும் நான்காவது யோசனை, வண்டியை விற்றுவிடுவது. அதைத் தவிர மற்றவற்றைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பீளமேடு பட்டறை:

வணக்கம் தம்பி. முதலில் எத்தனாலின் பங்கைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே 20 சதவீதம் கலந்தால், கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிடும்போது லிட்டருக்கு 7 சதவீத அளவில் ஆற்றல் குறையும்; ஏற்கெனவே 10 சதவீதம் கலந்து வந்த பெட்ரோலோடு ஒப்பிட்டால் குறைவது மூன்றரை சதவீதம்தான். உங்கள் 14 என்ற கணக்கு 10 சதவீதக் கலப்பு இருந்த காலத்தது என்றால் அது 13.5 ஆகியிருக்கவேண்டும். கலப்பில்லாத காலத்தது என்றாலும் 13க்குக் கீழே போகக் காரணமில்லை. நீங்களோ 11இல் நிற்கிறீர்கள். எத்தனாலின் கணக்கில் எழுதமுடியாத இரண்டு கிலோமீட்டர் வேறெங்கோ ஒழுகுகிறது. மெக்கானிக் சொன்னதில் கால்வாசி உண்மை. மீதி முக்கால்வாசிக்கு அவர் பானெட்டைத் திறக்கவேண்டியிருந்திருக்கும்.

விலை கூடிய ஆக்டேன் பெட்ரோல் உங்களுக்குத் தேவையில்லை. ஆக்டேன் என்பது ஆற்றலின் அளவு அல்ல; அழுத்தத்தில் தானாக வெடித்துத் தட்டாமல் தாங்கும் திறன். கம்ப்ரஷன், அதாவது உள்ளே கலவையை நசுக்கும் அளவு, கூடிய எஞ்சினுக்கு அது பயன்படும், சாதாரண பெட்ரோலிலேயே தட்டாமல் ஓடும் எஞ்சினுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. எத்தனாலுக்கும் ஆக்டேன் அதிகம்தான். ஆனால் அந்த நன்மையை வாங்கிக்கொள்ளும்படி கம்ப்ரஷனைக் கூட்டி வடிவமைத்த எஞ்சின் நம்மிடம் இல்லாதபோது அதன் குறைந்த ஆற்றல் மட்டுமே நம் தலையில் விழுகிறது. அதேபோல், ஏர் ஃபில்டர் அடைப்பு கம்ப்யூட்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டியில் மைலேஜைத் தின்னும். எம்பிஎஃப்ஐயில் உள்ளே போகும் காற்றுக்குத் தகுந்தபடிதான் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்துவிடும் என்பதால், இழுவை குறையுமே தவிர மைலேஜில் பெரிய மாற்றம் தெரியாது. நீங்கள் ஃபில்டரை மாற்றியும் பலன் இல்லாததற்குக் காரணம் அதுவே.

நான் சந்தேகப்படுவது தெர்மோஸ்டாட்டை. நம் ஊரில் பல பட்டறைகளில், "நம்ம வெயிலுக்கு இது எதுக்குங்க" என்று அதைக் கழற்றி வீசிவிடும் பழக்கம் உண்டு. அது சாதாரணமாக 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும் வால்வு. அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் எஞ்சினைச் சீக்கிரம் சூடேற்றுவதே அதன் வேலை. அது இல்லையென்றால் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். வெப்பத்தை அளக்கும் சென்சார் "இன்னும் சூடாகவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்க, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஆயிலும் இளகாமல் உராய்வு கூடும். விடியற்காலையில் கிளம்பும் உங்களைப் போன்றவருக்கு இது இரட்டை நஷ்டம்.

சோதிப்பதற்குச் செலவே இல்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேனிலிருந்து கையை விலக்கிவைத்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் ஹோஸ் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரெனச் சுடும். முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தால், வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது அங்கே வால்வே இல்லை.

அடுத்தது பிரேக். ஆழியாறு போய் நின்றதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் அளக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. ஒரு முறை நிரப்பியதை வைத்து மைலேஜ் சொல்லாதீர்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்துவது என்று வைத்துக்கொண்டு, மூன்று முறை நிரப்பிய கணக்கைக் கூட்டி வகுத்துப் பாருங்கள். ஒரு பம்ப்செட் ஒரு லிட்டர் தண்ணீர் இறைக்க எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கும் ஊர் நம்முடையது; காரை மட்டும் ஏன் வாய்க்கணக்கில் ஓட்டுகிறோம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பத்மினி 86:

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். பட்டறை அண்ணன் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எத்தனாலை மைலேஜ் கணக்கோடு மட்டும் முடித்துவிடக் கூடாது என்பது என் அனுபவம். என்னிடம் இருப்பது 1986 மாடல் பிரீமியர் பத்மினி, சோலெக்ஸ் கார்புரேட்டர். இதற்குக் கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. எத்தனாலில் ஆக்ஸிஜன் கலந்திருப்பதால், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பழைய அளவிலேயே விட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடாகி, மேட்டில் ஏறும்போது இருமும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிய பிறகுதான் என் வண்டி பழைய நிதானத்துக்கு வந்தது. அதற்கு விலையாக மைலேஜ் இன்னும் சற்று இறங்கியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய தொல்லை ரப்பரில் வந்தது. இரண்டு மாதம் ஓட்டாமல் நிறுத்தியிருந்துவிட்டு எடுத்தபோது, பெட்ரோல் ஹோஸ் விரலால் அழுத்தினால் பிசின் போலக் குழைந்தது. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பின் ரப்பர் சவ்வு விறைத்து, ஓரத்தில் மயிரிழை போல விரிசல். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. வண்டியை நிறுத்தியே வைத்திருந்தால் தண்ணீர் டேங்கின் அடியில் பிரிந்து தங்கித் துருவையும் கிளப்பும். எனவே, ஞாயிறு மட்டும் ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் செலவுக்குப் பயந்து மாதக்கணக்கில் ஓட்டாமல் தள்ளிப்போடுவது மிச்சமாகாது. எத்தனால் தாங்கும் ஹோஸ்களை மாற்றிவிட்டு, மாதம் ஒரு முறையாவது ஓட்டிவிடுங்கள். பெட்ரோல் வாடையடிக்கும் பழைய ஹோஸோடு ஓட்டுவதில் இருக்கும் ஆபத்து மைலேஜைவிடப் பெரிது.

சங்ககிரி லோடு:

ஐயா, நான் லாரி வைத்துத் தொழில் செய்பவன். கார் எனக்குப் பொழுதுபோக்கு. எங்கள் தொழிலில் லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் குறைந்தால் மாதக் கடைசியில் தவணை கட்டமுடியாது என்பதால், இந்தக் கணக்கை நாங்கள் வேறு விதமாகப் பார்க்கிறோம்.

நீங்கள் எந்த மாதத்தில் அளந்தீர்கள் என்று சொல்லவில்லை. உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போவது மேற்கே போவது. ஆனியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக உங்கள் முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றை நம்பித்தானே உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். நீங்கள் 80இல் போக, எதிர்க்காற்று 30இல் அடித்தால், வண்டியின் முன்பக்கத்துக்கு அது 110 கிலோமீட்டர் வேகம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். திரும்பும்போது காற்று தள்ளிவிடுமே என்று நினைப்பீர்கள். தள்ளும்; ஆனால் போகும்போது இழந்த அளவுக்குத் தள்ளாது. 110இன் வர்க்கத்தையும் 50இன் வர்க்கத்தையும் கூட்டிப் பாதியாக்கிப் பாருங்கள், காற்றில்லாத நாளைவிட 14 சதவீதம் அதிகத் தடை வரும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; அதோடு கொஞ்சம் பெட்ரோலும் பறக்கிறது. அந்த மூன்று மாதங்கள் 80ஐ 65 ஆக்கிக்கொள்ளுங்கள், வித்தியாசம் பில்லில் தெரியும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நானும் ஒரு காலத்தில் சாமர்த்தியம் என்று நினைத்துச் செய்தவன்தான். எம்பிஎஃப்ஐ வண்டியில் கியரிலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் மூடிக்கொண்டு ஒரு சொட்டும் செலவாகாது. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் போகும். எஞ்சின் பிரேக்கும் போய்விடுவதால் ஆபத்தும் கூட.

கேஸ் கிட்டைப் பற்றி: வாரம் 110 என்றால் வருடத்துக்கு 5,720 கிலோமீட்டர். அதற்குக் கிட் வாங்கி, ஆர்சியில் பதிந்து, டிக்கியில் சிலிண்டரைச் சுமந்து போட்ட காசை எடுப்பதற்குள் பேரன் ஓட்டப் பழகிவிடுவான். ஓட்டிப்பார்க்கும் சுகத்துக்குப் பெரிய எஞ்சினும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். நம் கோவையின் கரிவர்தன் மாருதி 800இன் எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். செட்டிபாளையம் கார் பந்தயத் தளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

உடுமலை எஸ்டீம்:

ஐந்து வாரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். அளந்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பட்டறை அண்ணன் சொன்னபடி மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்த இரண்டாம் நிமிடமே வெதுவெதுத்தது. வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் கழற்றினோம். உள்ளே ஒன்றுமே இல்லை. வால்வு உட்காரும் பள்ளத்தில் சிவப்பு கேஸ்கெட் பசை மட்டும் வட்டமாகக் காய்ந்து கிடந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் ரேடியேட்டர் வேலை பார்த்த இடத்தில் எடுத்திருக்கவேண்டும். பில்லில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வெப்பமானி முள் பாதிக்கு வராமல் கீழேயே கிடந்ததை, வண்டி 'கூலாக' ஓடுகிறது என்று இத்தனை நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதிய தெர்மோஸ்டாட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. இடது பின் சக்கரமும் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து சரிசெய்தார்கள். பத்மினி நண்பரின் எச்சரிக்கையால் பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிட்டேன். கழற்றிய பழைய ஹோஸை வளைத்தபோது வெளிப்பக்கம் முழுக்கச் சிறு சிறு வெடிப்புகள் தெரிந்தன.

ஒரே பங்கில் மூன்று முறை நிரப்பிய கணக்கு லிட்டருக்கு 12.6 வருகிறது. மூன்று ஞாயிறுகளும் ஆடியில் வந்தவை. சங்ககிரி ஐயா சொன்னபடி 65க்கு மேல் போகவில்லை. பல்லடம் பக்கத்து நண்பர் ஒருவர் தம் புதிய காரில் இரண்டு முறை என்னை முந்திப்போய்க் கையசைத்தார், பொறுத்துக்கொண்டேன். பழைய 14இலிருந்து எத்தனால் தின்னும் பங்கைக் கழித்தால் 13 வரை வரலாம் என்று கணக்கு சொல்கிறது. காற்று ஓய்ந்தபின், ஐப்பசியில் அதே பம்பில் நிரப்பி மறுபடி அளந்து இங்கேயே எழுதுகிறேன்.