பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரங்கள்: பால் கொடுத்தது, ஓய்வெடுத்தது, இன்னும் மனதை உறுத்துவது

சாயங்காலம் ஆனால் போதும், மகள் மாரை விட்டு வாயை எடுக்கவே மாட்டாள், எடுத்தால் ஒரே அழுகை. பார்க்க வந்த உறவுக்கார அத்தை ஒருவர் அறை வாசலில் நின்றபடியே "உனக்குப் பால் பத்தலைம்மா, புட்டியில குடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராத்திரி முழுக்க மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால் வந்துகொண்டுதான் இருந்தது! மறுநாள் டாக்டர் எடை பார்த்துவிட்டு நன்றாக ஏறுகிறது, சாயங்காலத்தில் அடுத்தடுத்துக் குடிப்பது பச்சைக்குழந்தைகளின் வழக்கம்தான் என்றார். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை இன்னும் போகவில்லை.

---

எனக்கு சிசேரியன். உட்கார்ந்தால் தையல் இழுக்கும், காம்பு இரண்டும் வெடித்துப் புண். இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அதிகம் பேசாமல் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, குழந்தையை என் பக்கமாகத் திருப்பினார். அது வாயை அகலமாகத் திறக்கும்வரை பொறுத்திருந்து சட்டென்று சேர்த்து அணைத்தார். காம்போடு சுற்றியிருக்கும் கருவளையமும் வாய்க்குள் போனது. வலி குறைந்து, குழந்தை விழுங்கும் சத்தம் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டது. அழுதுவிட்டேன்.

---

முதலில் எழுதிய தோழிக்கு, "வழக்கம்தான்" என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். என் மகனுக்கு மஞ்சள் காமாலை, அழவே மாட்டான், தூங்கிக்கொண்டே இருந்தான். எல்லாரும் "சமத்து" என்று கொஞ்சினார்கள், எடை இறங்கிக்கொண்டே போனது. அப்புறம் எழுப்பி எழுப்பிக் கொடுத்தோம், டாக்டர் சொல்லி கொஞ்ச நாள் பவுடர் பாலும் கொடுத்தோம், அதைக் குற்றம் மாதிரி யாரும் பேச வேண்டாம். அழுகையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கிறதா, ஐந்தாம் நாளிலிருந்து குறைந்தது 6 தடவை சிறுநீர் போகிறதா, மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும், 10 சதவீதத்தை நெருங்கினால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். மார்பில் ஒரு பக்கம் சிவந்து, வலித்து, காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் போங்கள், ஆனால் அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

---

நான் சொன்னது எடை பார்த்த பிறகு டாக்டர் சொன்னதைத்தான் தோழி, வாசலில் நின்று சொன்னதை அல்ல.

---

எல்லாரும் பாலைப் பற்றியே எழுதுகிறீர்கள், ஓய்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு உதிரப்போக்கு குறைந்து நிறம் வெளுத்துக்கொண்டு வந்தது. வீடு நிறைய விருந்தாளிகள், நானும் எழுந்து வேலை பார்த்தேன், அன்று மாலையே மறுபடி நல்ல சிவப்பாகப் போக ஆரம்பித்தது. என் மாமியார் அதைப் பார்த்ததும் கூடத்தில் இருந்தவர்களிடம் நேராகப் போய் "அவ படுத்திருக்கட்டும், நீங்க அப்புறம் வாங்க" என்றார். ஒருத்தருக்கு முகம் சுண்டிப்போனது, மாமியார் கண்டுகொள்ளவே இல்லை. படுத்தபடியே பால் கொடுத்தேன், இரண்டு நாளில் குறைந்துவிட்டது. ஒரு மணி நேரத்திலேயே ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால் மட்டும் ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.