ஜோடி சேராத ராம் மாட்டி ஓட்டுபவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

என் டெஸ்க்டாப்பில் இருந்தது 8 ஜிபி டிடிஆர்4 (ராமின் ஒரு தலைமுறை), 2400 வேகம், ஒற்றை ஸ்டிக். இன்னொரு 8 சேர்க்கலாம் என்று தேடினால் அதே மாடல் சந்தையிலேயே இல்லை. சரி என்று வேறு கம்பெனியின் 3200 ஸ்டிக்கை வாங்கி மாட்டினேன். எந்த முரண்டும் இல்லாமல் பூட் ஆனது. டாஸ்க் மேனேஜரில் வேகம் 2400 என்று காட்டுகிறது. அது எதிர்பார்த்ததுதான்; இரண்டில் மெதுவானது எதுவோ அதன் வேகத்துக்கு மற்றது இறங்கி வந்துவிடும். 3200க்குக் கொடுத்த காசு வீணா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு பிரவுசரில் நிறைய டேப் திறந்தாலே ஹார்ட் டிஸ்க் கடகடவென்று ஓடும். 16 ஜிபி ஆனதும் அது நின்றுவிட்டது. அன்றாட வேலைக்கு ராமின் அளவு போதவில்லை என்றால்தான் வலி. வேகம் கொஞ்சம் குறைவதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

மற்றவர்கள் எப்படி ஓட்டுகிறீர்கள்? யாருக்காவது மக்கர் செய்ததா?

----

என்னுடையது 8 + 4. அளவு வேறாக இருந்தால் டூயல் சேனலே (இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி வேகம் கூட்டும் முறை) கிடைக்காது என்று நண்பர்கள் சொன்னார்கள். முழுக்க அப்படி இல்லை. இன்டெல் போர்டுகளில் ஃப்ளெக்ஸ் மோட் என்று ஒன்று உண்டு: இரண்டு பக்கமும் 4 ஜிபி வரை டூயல் சேனலாக ஓடும், மீதி 4 ஜிபி மட்டும் ஒற்றைச் சேனலில் ஓடும். எனக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, பிராசஸருக்குள் இருப்பதுதான். அதற்கென்று தனி நினைவகம் இல்லை, ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. அதனால் இரண்டாவது ஸ்டிக் போட்டதும் கேம் ஓடும் விதமே மாறிவிட்டது.

ஒன்று கவனியுங்கள், நான்கு ஸ்லாட் இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் மாட்டாதீர்கள். பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டில் மாட்டுங்கள். மதர்போர்டு கையேட்டில் படமே போட்டிருப்பார்கள்.

----

மக்கர் செய்த கதை என்னிடம் இருக்கிறது. 3200 ஸ்டிக் ஒன்று, 3000 ஸ்டிக் ஒன்று, இரண்டுமே எக்ஸ்எம்பி (கம்பெனி ஸ்டிக்கிலேயே எழுதி வைத்த அதிவேக அமைப்பு) உள்ளவை. பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி ஏற்கெனவே ஆனில் இருந்தது. கம்ப்யூட்டர் அழகாக பூட் ஆனது, விண்டோஸும் வந்தது. அப்புறம்தான் வேடிக்கை. பிரவுசர் டேப் தானாகச் சாகும். பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்தால் ஃபைல் கெட்டிருக்கிறது என்று சொல்லும். திரும்பப் பிரித்தால் சரியாக வரும். எப்போதாவது நீலத் திரை. விண்டோஸ்தான் பழுது என்று நினைத்து அதை மறுபடி நிறுவியவர்கள் எத்தனை பேரோ!

மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதிக்கும் மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனித்தனியாக மாட்டிச் சோதித்தால் இரண்டுமே சுத்தம். அதாவது எந்த ஸ்டிக்கும் கெடவில்லை, சேர்ந்து அந்த வேகத்தில் ஓடத்தான் முடியவில்லை. எக்ஸ்எம்பி என்பது ஒரு கிட்டில் (சேர்த்தே விற்கும் பாக்கெட்) உள்ள ஸ்டிக்குகளைச் சேர்த்துச் சோதித்துக் கம்பெனி எழுதிய கணக்கு. பக்கத்தில் வேறொரு ஸ்டிக் உட்கார்ந்தால் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. எக்ஸ்எம்பியை ஆஃப் செய்ததும் 2133க்கு இறங்கியது, பிழை ஒன்றுகூட இல்லை. பிறகு கையாலேயே 2933 வைத்து, டைமிங்கை (ராம் பதில் தர எடுக்கும் காத்திருப்பு) கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இரவு முழுக்கச் சோதித்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன்.

பூட் ஆகிவிட்டதே என்று நம்பாதீர்கள். மெம்டெஸ்ட்டில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பில் ஓட்டக் கூடாது. தப்பான பிட் உங்கள் ஃபைலுக்குள் போய் எழுதப்படும். எந்த ஃபைல் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

----

மேலே சொன்னது நூற்றுக்கு நூறு. "ஒரே கம்பெனி வாங்கு, பிரச்சினை வராது" என்று பலர் சொல்வார்கள். ஒரே மாடல் எண்ணிலேயே வேறு வேறு சிப் வைத்து விற்கிறார்கள் என்பதை சிபியு-இசட் என்ற மென்பொருளில் எஸ்பிடி (ஸ்டிக்கின் விவரம்) பக்கத்தைத் திறந்து பார்த்தால் தெரியும். லேபிளை நம்பிப் பயனில்லை.

----

பழைய டிடிஆர்3 ஆட்கள் யாராவது இருந்தால்: மிக மலிவாக வரும் "ஏஎம்டிக்கு மட்டும்" ஸ்டிக்குகளை இன்டெல் போர்டுக்கு வாங்காதீர்கள். சிப் அடுக்கே வேறு, இன்டெல் கன்ட்ரோலருக்கு அது புரியாது. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராமும் அப்படித்தான், ஸ்லாட்டில் உட்காரும், பூட் ஆகாது. 1.35 வோல்ட் டிடிஆர்3எல்லும் 1.5 வோல்ட் டிடிஆர்3யும் கலப்பது பழைய போர்டுகளில் பொதுவாகச் சிக்கல் தராது, எல்லாம் 1.5இல் ஓடும்.

----

டிடிஆர்5இல் இந்தக் கலப்படம் இன்னும் கடினம். இரண்டு ஸ்டிக்கோடு இன்னும் இரண்டு சேர்த்தாலே வேகம் விழும். ஏஎம்டியின் ரைசன் 7000 பிராசஸருக்கு இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600தான் ஏஎம்டியே சொல்லும் கணக்கு. புது ஸ்டிக் மாட்டியதும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், மெமரி டிரெயினிங் (புது ராமுக்கு ஏற்ற அமைப்பைப் போர்டு தானே தேடுவது) நடக்கிறது. பதறிப்போய் பவரை அணைக்க வேண்டாம்.