பாரசீகமா, அரபா? பெயரில் மாட்டிக்கொண்ட கதைகளைச் சொல்லுங்க

வரைபடக்காரன் (அபுதாபி)

முதலில் என் கதை. இங்கே ஒரு கன்சல்டன்சியில் ஜிஐஎஸ் டெக்னீஷியனாக, அதாவது கம்ப்யூட்டரில் வரைபடம் போடுறவனாகச் சேர்ந்து மூணு மாசம். கடலோர மண் ஆய்வு அறிக்கைக்கு ஏ3 அளவில் 16 வரைபடம் போடணும். அடிப்படை வரைபடத்தை நெட்டிலிருந்து இறக்கினேன். நிறம், அளவுகோல், வடக்குக் குறி எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். கடல்மேல் என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பார்க்கலை.

பைண்டிங் முடிஞ்சு வந்ததும் எங்க சீஃப் முதல் தாளைத் திருப்பினார். எகிப்துக்காரர், வயசானவர். ஒண்ணும் பேசலை. சிவப்புப் பேனாவால் கடல்மேல் ஒரு வட்டம் போட்டு என் பக்கம் தள்ளினார். வட்டத்துக்குள் 'பெர்சியன் கல்ஃப்', பாரசீக வளைகுடா. ஈரானுக்கும் அரபு நாடுகளுக்கும் நடுவில் இருக்கிற கடலுக்கு ஈரான் சொல்ற பெயர். அன்னைக்கு ராத்திரி 16 தாளையும் மறுபடி பிரிண்ட் போட்டேன். இந்த ஊர் அரசாங்கத்துக்குப் போகிற தாளில் 'அரேபியன் கல்ஃப்'தான் இருக்கணும். ஐ.நா. தாளில் 'பெர்சியன் கல்ஃப்'. ரெண்டுக்கும் நடுவில் சம்பளக்காரன் நான்.

மறுநாள் டீ குடிக்கும்போது அதே மனுஷன் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: பழைய அரபுப் புவியியலாளர்களே இதை 'பஹ்ர் ஃபாரிஸ்', அதாவது பாரசீகக் கடல்னுதான் எழுதியிருக்காங்களாம். ரோமர்கள் 'அரபு வளைகுடா'ன்னு சொன்னது செங்கடலை. இந்தக் கடலுக்கு 'அரபு வளைகுடா'ங்கிற பெயர் ஊரெல்லாம் பரவியது எகிப்து அதிபர் நாசர் காலத்து அரபு தேசியத்தோடு. "எல்லாம் எனக்குத் தெரியும், ஆனா நீ மாத்து"ன்னார்.

இது சின்னச் சண்டை இல்லை. தெஹ்ரானில் 2010இல் நடக்க இருந்த இஸ்லாமிய ஒற்றுமை விளையாட்டுப் போட்டி, பதக்கத்தில் 'பெர்சியன் கல்ஃப்'னு பொறிச்ச தகராறில் ரத்தாச்சு. 2004இல் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்லஸில் அடைப்புக்குறிக்குள் 'அரேபியன் கல்ஃப்'னு போட்டதுக்கு ஈரான் அந்தப் பத்திரிகையையே தடை செஞ்சது. தமிழ்தான் நிம்மதி, 'வளைகுடா'ன்னு மொட்டையா எழுதினாப் போதும். எங்க ஊரில் அதுகூட வேண்டாம். தம்மாமில் இருந்தாலும் தோஹாவில் இருந்தாலும் பையன் 'துபாய்ல' இருக்கான்!

எஞ்சின் ரூம்

வடக்குக் குறின்னதும் ஞாபகம் வருது. ஜூன் மாசம் அந்தத் தண்ணியில் போனவங்களுக்கு 'ஷமால்' தெரியும். வடமேற்கிலிருந்து புழுதியை அள்ளிக்கிட்டு வரும் காத்து. டெக்கில் கை வச்சா உப்புத்தாள் மாதிரி நறநறக்கும். எங்க கப்பலில் ஏமன்காரர் ஒருத்தர் ஃபிட்டரா இருந்தார். கிழக்கே பார்த்து என்னை நிக்க வச்சு, இடது கையைத் தூக்கி "ஷிமால்", வலது கையைத் தூக்கி "யமீன்"னார். சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்து நின்னா இடப்பக்கம் வடக்கு, அதுதான் ஷாம், சிரியா பக்கம். வலப்பக்கம் தெற்கு, அதுதான் யமன், அவர் ஊர். பெயர் வச்சவன் நடுவில், ஹிஜாஸ் பக்கம், அதாவது மக்கா-மதீனா பக்கம் நின்னிருக்கான். 'மிடில் ஈஸ்ட்'னு சொல்றவன் எங்கே நின்னான்னு கேட்டார். லண்டன்லன்னேன். அந்தப் பெயரைப் பிரபலமாக்கினது மஹான்ங்கிற அமெரிக்கக் கடற்படைக்காரர், 1902இல் லண்டன் பத்திரிகையில் எழுதினதுன்னு அப்புறம்தான் படிச்சேன். பதில் தப்பில்லை.

கல்முனை நானா

நான் கெய்ரோவுக்கு ஓதப் போன காலம். ஊரில் படிச்ச அரபை வச்சுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்டன். கண்டக்டர் பொடியன் "மஸ்ர்! மஸ்ர்!" என்டு கத்துறான். மிஸ்ர் என்டா எகிப்து. எகிப்துக்குள்ள நின்டுகொண்டு எகிப்துக்கு எப்படிப் போறது? மூணு வண்டியை விட்ட பிறகுதான் விளங்கிச்சு, கெய்ரோவையும் அவங்க மஸ்ர் என்டுதான் சொல்லுவாங்க. ஷாம் என்டாலும் அப்படித்தான், டமாஸ்கஸும் அதுதான், முழுப் பிரதேசமும் அதுதான்.

என்ட அறையில ஒரு மொரோக்கோக்காரர், ஒரு கொமோரோஸ்காரர். மொரோக்கோவுக்கு அரபியில பேர் அல்-மஃரிப். நாங்க மஃரிப் தொழுறமே, அதே சொல்தான்: சூரியன் மறையிற திசை. அவர் வேகமாப் பேசினா எகிப்துக்காரருக்கே விளங்காது. ஒருநாள் "நீங்க அரபுக்காரர்தானே" என்டன். முகம் சுருங்கிப் போச்சு. "நான் அமாஸிக்" என்டார். அரபுக்காரர் வர முந்தியே அங்க இருந்த பூர்வகுடி, பெர்பர் என்டும் சொல்லுவாங்க. வீட்டில அவங்கட பாஷை வேற. 2011 அரசியலமைப்பில அதையும் ஆட்சிமொழி ஆக்கினாங்க.

கொமோரோஸ்காரர் வீட்டில பேசுறது சுவாஹிலிக்குக் கிட்டின பாஷை. ஊர் மடகாஸ்கருக்குப் பக்கத்தில. ஆனா அவர்ட நாடு 1993இலிருந்து அரபு லீக்கில, அரபு நாடுகள்ட கூட்டமைப்பில இருக்கு. சாட் நாட்டில அரபு ஆட்சிமொழி, அது லீக்கில இல்ல! எந்தக் கோட்டைப் பிடிச்சுக்கொண்டு 'அரபு நாடு' என்டு சொல்றது, சொல்லுங்க பாப்பம்.

வாட்டர் டேங்கர்

நீங்கள்லாம் படிச்சவங்க. நான் வண்டி ஓட்டுறவன். அமீரகத்துல ஷார்ஜாவைச் சேர்ந்த கோர்ஃபக்கான் பக்கம் தண்ணி லோடு. மலைக்குள்ள ரோடு திரும்புது, போன் டிங்குங்குது: "ஓமனுக்கு நல்வரவு". செக்போஸ்ட் இல்ல, கேட் இல்ல, ஒரு கொடிதான் வேற. வயித்தக் கலக்கிடுச்சு, என் வண்டி இன்சூரன்ஸ் அமீரகத்துக்கு மட்டும்தான். அந்த இடம் மதா. சுத்தி அமீரகம், நடுவுல ஓமன். இன்னும் கொஞ்சம் போனா நஹ்வான்னு ஒரு ஊரு, அது மறுபடி ஷார்ஜா! மெதுவடை ஓட்டைக்குள்ள ஒரு குட்டி வடைன்னு வச்சுக்கங்க. அந்தக் காலத்துல மதாப் பெரியவங்க ஓமன் சுல்தானோட இருக்கோம்னாங்களாம், நஹ்வாக்காரங்க ஷார்ஜாவோடன்னாங்களாம். ஒரு லோடு இறக்க நாலு தடவ நாடு மாறிட்டேன்.

காயல் சபுராளி

அவங்க ஊருக்கு நாம பெயர் தேடுறோம், நம்ம கரைக்கு அவங்க வச்ச பெயர் ஞாபகம் இருக்கா? மஅபர். கடந்து போகும் இடம். 14ஆம் நூற்றாண்டில் மொரோக்கோ பயணி இப்னு பதூதா வந்து இறங்கினதும் மஅபர் கரையில்தான். துபாய் கிரீக்கில் 1 திர்ஹம் கொடுத்து அக்கரைக்குப் போற 'அப்ரா' படகும் அதே வேர்ச்சொல்.

வரைபடக்காரன்

டேங்கர் அண்ணே, மதா போன அன்னைக்கு இன்சூரன்ஸ் யாராவது கேட்டாங்களா? அடுத்த மாசம் எங்களுக்கு அந்தப் பக்கம் சர்வே இருக்கு.

வாட்டர் டேங்கர்

யாரும் கேக்கல தம்பி. ஆனா ஆரஞ்சு கார்டு, அதான் பக்கத்து அரபு நாட்டுலயும் செல்லுற வண்டி இன்சூரன்ஸ், வாங்கி வச்சுக்கங்க. போன்ல ரோமிங்க அணைச்சுருங்க, எனக்கு அந்த மாசம் பில் எகிறிடுச்சு.