பயிற்சி முடிந்த பிறகு ஊருக்குள் பார்த்தவை

காவிரி டெல்டா மாவட்டங்களில் நடக்கும் சமூகக் கல்வித் திட்டங்களால் என்ன பலன் என்று பார்த்து எழுதிக் கொடுக்கிற வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். உழவர் பயிற்சி, முதியோர் எழுத்தறிவு, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு என்று கலந்து வரும். எங்களிடம் தருகிற கோப்பில் வருகைப் பதிவேடு, போட்டோ, டீ செலவுக் கணக்கு எல்லாம் சுத்தமாக இருக்கும். வகுப்பு நடந்தது என்பதற்கு அவை போதும். வகுப்பால் என்ன மாறியது என்று தெரிய வேண்டுமானால் வரப்பிலும் திண்ணையிலும் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். அப்படிப் பேசியதில் மனதில் தங்கிவிட்ட சிலவற்றை எழுதுகிறேன்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். செம்மை நெல் சாகுபடிப் பயிற்சி நடந்து இரண்டு சம்பா கழிந்திருந்தது. ஊரில் அதற்கு ஒற்றை நாற்று நடவு என்றுதான் பெயர். 14 நாள் நாற்று, குத்துக்கு (நாற்றை ஊன்றும் ஒவ்வோர் இடத்துக்கும்) ஒன்று, 25-க்கு 25 செ.மீ. சதுரம், காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர், களைக்குக் கோனோ வீடர் என்கிற, கையால் தள்ளும் உருளைக் கருவி. ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும். பழைய முறையில் 20 கிலோவுக்கு மேல் போகும். எங்களிடம் கொடுத்த படிவத்தில் இதற்கு ஒரே கேள்வி: கடைப்பிடிக்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை. கேட்டவர்களில் பெரும்பாலோர் இல்லை என்றார்கள். அதை அப்படியே எழுதியிருந்தால் பயிற்சி வீண் என்று கதை முடிந்திருக்கும்.

அஞ்சு மா (ஒரு மா ஏறக்குறைய மூன்றில் ஒரு ஏக்கர்) நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவரும் இல்லை என்றுதான் சொன்னார். சரி, வயலைக் காட்டுங்கள் ஐயா என்று கூடவே போனேன். குத்துக்குக் குத்து தாராளமாக இடைவெளி இருந்தது. ஒரு குத்தைக் கையால் விரித்துக் காட்டினார், தூர் நன்றாகக் கட்டியிருந்தது. "முன்னெல்லாம் குத்துக்கு ஆறு ஏழு நாத்து வைப்போம் தம்பி. இப்ப ரெண்டு, மிஞ்சினா மூணு. விதைநெல்லும் பாதிதான் வாங்குறேன்" என்றார். இது பயிற்சியில் சொன்னதுதானே என்று கேட்டேன். "ஆமா. ஆனா அவங்க சொன்ன மாதிரி கயிறு புடிச்சு சதுரமா நடலையே. அதான் இல்லேன்னு சொன்னேன்."

மனிதர் நாணயமாகப் பதில் சொல்லியிருக்கிறார். படிவத்தில்தான் அதற்கு இடம் இல்லை. அப்புறம் அந்த ஒரு கேள்வியை ஐந்தாகப் பிரித்தோம்: நாற்றின் வயது, குத்துக்கு எத்தனை, இடைவெளி, தண்ணீர் கட்டும் விதம், களைக்கருவி. அதே ஆட்களிடம் மறுபடி கேட்டால் படமே மாறிவிட்டது. நாற்றைக் குறைத்ததில் கிட்டத்தட்ட எல்லோரும் ஏதோ ஓர் அளவுக்கு மாறியிருந்தார்கள். கோனோ வீடர் மட்டும் மாட்டுக் கொட்டகையில் சாத்தி வைத்தபடி இருந்தது, அந்தக் களிமண்ணில் அதைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். காயப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதிலும் சிக்கல். வயல்விட்டு வயல் தண்ணீர் ஓடுகிற இடத்தில் நடுவில் இருக்கிற ஒருவர் மட்டும் எப்படித் தன் வயலைக் காயப் போடுவார்? இதில் கற்றவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மடை அவர் கையில் இல்லை, அவ்வளவுதான்.

மகசூலை வைத்துப் பார்த்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பார்க்கலாம், ஆனால் போன வருடத்தோடு இந்த வருடத்தை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். பாசனத்துக்கு மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்த வருடமும் தள்ளித் திறந்த வருடமும் ஒன்றாகுமா? அதனால் ஒரே வாய்க்காலில், ஒரே பருவத்தில், பயிற்சிக்கு வந்தவர் வயலையும் வராதவர் வயலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். வராதவரும் பக்கத்து வயலைப் பார்த்து மாறியிருப்பார், அதையும் கேட்டு எழுத வேண்டும். அது பயிற்சிக்குக் கிடைத்த கூடுதல் பலன்.

கயிறு விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது இதுதான். சதுர நடவு ஏன் நிற்கவில்லை என்று நிலத்துக்காரர்களைக் கேட்டால் "பொம்பளையாளுங்க நட மாட்டேங்குறாங்க" என்றார்கள். சரி, அவர்களையே கேட்போம் என்று நடவு முடிந்து கரையில் கை கால் கழுவிக்கொண்டிருந்தவர்களிடம் போனேன். குழுவைக் கூட்டி வருகிற அக்கா சொன்னார்: "எங்களை யாரு கூப்புட்டா? மீட்டிங்குக்குப் போனது நெலத்துக்காரவங்க. அன்னிக்கு நாங்க நாத்துப் பறிச்சுக்கிட்டு இருந்தோம். கூலி மாக்கணக்குல பேசுறாங்க தம்பி. கயிறு புடிச்சா நேரம் கூடுது, காசு கூடுதா?" வருகைப் பதிவேட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு பெண் கையெழுத்துகூட இல்லை. நடவு நடுவது முழுக்கப் பெண்களாக இருக்கிற ஊரில், நடவுப் பயிற்சி ஆண்களுக்கு மட்டும் நடந்திருக்கிறது. அடுத்த பயிற்சிக்கு நடவு ஆட்களையும் கூப்பிட வேண்டும், அன்றைய கூலியைப் பயிற்சிச் செலவில் கொடுக்க வேண்டும் என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதினோம். கூலி போனால் வர மாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயமில்லை.

பாரம்பரிய நெல்லில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் 'நெல்' ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார்கள், அடுத்த வருடம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். கருங்குறுவையோ பூங்காரோ, வாங்கிய அந்தப் பாரம்பரிய ரகம் மூட்டையில் திரும்பி வந்தால், வாங்கியவர் விதைத்திருக்கிறார், கலப்பில்லாமல் பிரித்து வைத்திருக்கிறார், விதை காக்கத் தெரிந்துகொண்டார் என்று அர்த்தம். தனியாக ஒரு சர்வே தேவையில்லை. திருப்பித் தராதவர் கற்கவில்லை என்றும் உடனே எழுதிவிடக் கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர் மூழ்கி விதைக்கே தேறாமல் போன வீடுகள் இருக்கும், போய்க் கேட்டால்தான் தெரியும்.

எழுத்தறிவுக்கு வருவோம். 90-களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது கைநாட்டு போய்க் கையெழுத்து வந்ததா என்பது பெரிய அடையாளம். அதற்கு அன்று இருந்த மதிப்பை அந்தத் தலைமுறைப் பெண்களிடம் கேட்டால் இன்றும் கண் கலங்கச் சொல்வார்கள். இப்போது ரேஷன் கடையில் வாத்தியாரும் விரலைத்தான் வைக்கிறார். ஆகவே வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது. 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 150 மதிப்பெண்ணில் தேர்வு. வாசிப்பு, எழுத்து, கணக்கு தலா 50. தேர்வு தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் பார்த்ததை எந்தத் தேர்விலும் பார்த்ததில்லை. குத்தகைக்குச் சாகுபடி செய்யும் ஒரு அம்மா, நாற்பது கிலோ சிப்பம் எடை போடும்போது தராசின் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சாக்குக்கு அரை கிலோ சரி தம்பி, இது நாப்பத்திரெண்டுல நிக்குதே" என்றார். எடை போட்டவர் ஒன்றும் பேசாமல் ஒரு கை நெல்லை அள்ளிக் கீழே போட்டார். பிறகு அந்த அம்மாவிடம் விசாரித்தேன். ரூபாய் நோட்டில் எண் பார்க்க முன்பே தெரியுமாம். "புள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்குறது என்னன்னு வகுப்புலதான் சொன்னாங்க" என்றார். முன்பே தெரிந்தது எது, வகுப்பில் வந்தது எது என்று அவரே பிரித்துச் சொல்லிவிட்டார். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எல்லாப் பலனையும் திட்டத்தின் கணக்கில் எழுதுகிற பழக்கம் நம்மிடம் அதிகம்.

பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் பிரிப்பு இன்னும் கடினம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் இழந்த படிப்பை ஈடுகட்ட, தன்னார்வலர்கள் மாலையில் வகுப்பெடுக்கும் இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் தொடங்கியது. கொஞ்ச நாளில் பள்ளிகளும் முழுதாகத் திறந்துவிட்டன. பிள்ளை வாசிக்கத் தொடங்கினால் அது பள்ளியாலா, மாலை வகுப்பாலா? தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில் இதைப் பார்த்தார்கள். 2019-லேயே வீடு வீடாகச் சோதித்த கணக்கு கையில் இருந்ததால் அது முடிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது, அப்படித் திரும்பியதில் கிட்டத்தட்டக் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் என்று கண்டார்கள். தொடங்குவதற்கு முன்பு எடுத்த கணக்கு இல்லாமல் முடிந்த பிறகு எங்களைக் கூப்பிடும் திட்டங்களில் இப்படிச் சொல்ல வழியே இல்லை. எந்தத் திட்டக்காரரைச் சந்தித்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஆரம்பத்தில் ஏதாவது எழுதி வைத்தீர்களா?

கடைசியாக ஒன்று. அறிக்கை மேலே போகும், ஊருக்குத் திரும்பி வராது. பாபநாசம் பக்கம் எழுத்தறிவு வகுப்பு எடுத்த ஒரு தங்கச்சி, "எங்களைப் பத்தி எழுதினதை எங்களுக்கும் படிச்சுக் காட்டுங்கண்ணே" என்று கேட்டார். மாரியம்மன் கோயில் வாசலில் பாய் போட்டுப் படித்தோம். இடையில் நின்றவர்களுக்குக் காரணம் 'ஆர்வமின்மை' என்று படிவங்களில் குறித்திருந்த இடம் வந்ததும் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்துவிட்டார். "ஆர்வம் இல்லேன்னு யாரு சொன்னா? ஆறு மணிக்கு வகுப்பு. கும்பகோணத்துல சித்தாள் வேலை முடிஞ்சு நாங்க பஸ்ஸை விட்டு எறங்கவே ஏழாகுது." அங்கேயே அந்த வரியை அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதினோம். வகுப்பை ஏழே முக்காலுக்கு மாற்றினார் அந்தத் தங்கச்சி. நின்றுபோனவர்களில் பாதிக்கு மேல் அடுத்த மாதமே திரும்பி வந்தார்கள்.