வீட்டுக் குழு: முடிச்சுப் படங்கள் வரைவதற்கு ஒரு மென்பொருள்

சின்னக்கா: எல்லோருக்கும் வணக்கம். திருக்கடலூர்ப் பிள்ளைகளுக்காகக் கயிற்று முடிச்சுகள் பற்றி ஒரு சிறு கையேடு தயாரிக்கிறேன். கையால் வரைந்த படங்களில், இரண்டு கயிறுகள் குறுக்கிடும் இடத்தில் எது மேலே போகிறது, எது கீழே போகிறது என்பது தெளிவாக விளங்கவில்லை. கணினியில் வரைய நல்ல இலவச மென்பொருள் எது, தம்பி?

தம்பி: அக்கா, உங்கள் தேவைக்கு இங்க்ஸ்கேப் போதும். முதலில் கயிற்றின் போக்கை எங்கும் இடைவெளி விடாமல் ஒரே கோடாக வரைந்துவிட்டு, பாதை விளைவுகளில் ‘நாட்’ என்பதைச் சேர்த்தால், கோடு தன்னைத்தானே வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் கீழே போகும் பகுதி தானாகவே அறுபட்டுத் தெரியும். பிறகு முனைகளைத் திருத்தும் கருவியை எடுத்தால் ஒரு சிறு பிடி தோன்றும். அதை வேண்டிய வெட்டுப் புள்ளிக்கு இழுத்துச் சென்று சொடுக்கினால் மேல் கீழாக மாறிவிடும். இடைவெளியின் நீளத்தையும் கூட்டலாம், குறைக்கலாம்.

பெரியண்ணா: முடிச்சுகளுக்கென்றே நாட்ப்ளாட், ஸ்னாப்பை என்று மென்பொருள்கள் இருப்பதாக வாசித்திருக்கிறேன். அவை இன்னும் பொருத்தமாக இருக்காதா?

தம்பி: அவை மிகச் சிறந்தவை அண்ணா, ஆனால் கணித ஆய்வுக்கானவை. கணிதத்தில் முடிச்சு என்பது இரு நுனிகளும் ஒட்டப்பட்ட மூடிய வளையம். நமக்கோ நுனிகள் வெளியே நிற்க வேண்டும். ஸ்னாப்பையில் சுட்டியால் புள்ளி புள்ளியாக வரைந்து, வெட்டுகளைச் சொடுக்கி மாற்றியதும், அந்த முடிச்சைச் சூழ்ந்த வெளியின் கன அளவைக்கூட (ஒருவகை வளைந்த வடிவியலின்படி) அது கணக்கிட்டுத் தரும்; 4 வெட்டுகள் கொண்ட எட்டு வடிவ முடிச்சுக்கு அது ஏறத்தாழ 2.0299. இரண்டு படங்கள் ஒரே முடிச்சுதானா என்று சொல்லக் கண்ணை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான் இத்தகைய கணக்குகள் தேவைப்படுகின்றன. முடிச்சு அட்டவணைகளில் நெடுங்காலம் வெவ்வேறாகக் காட்டப்பட்ட, 10 வெட்டுகள் கொண்ட இரண்டு படங்கள் ஒரே முடிச்சுதான் என்று கென்னத் பெர்கோ 1974இல்தான் காட்டினார்.

மாமா: மகள், மேல் கீழ் சரியாக வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இரு நுனிகளை இரண்டு முறை சுற்றிக் கட்டும் ரீஃப் முடிச்சையும், அதைப் போலவே தோன்றும் கிரானி முடிச்சையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இரண்டாவது சுற்றைப் போடும் திசை மாறினால் ரீஃப் கிரானியாகிவிடும். கிரானி எளிதில் வழுகும். பாரம் தாங்கும் கயிறுகளை இணைக்க ரீஃபையும் நம்பக் கூடாது என்று படத்தின் கீழே கட்டாயம் எழுதுங்கள்.

தம்பி: மாமா சொல்வது மென்பொருளுக்கும் மிகவும் பொருந்துகிறது. இரண்டையும் 6 வெட்டுகளுடன் வரையும்போது கோட்டின் போக்கு ஒன்றாகவே இருக்கலாம். ஒரு பாதியிலுள்ள 3 வெட்டுகளை மாற்றினாலே ஒன்று மற்றொன்றாகிவிடும். ஆகவே ஒரு படத்தை வரைந்து, பிரதி எடுத்து, 3 இடங்களில் சொடுக்கினால் போதும்.

சின்னக்கா: வலைக் கண் முடிச்சில் இரண்டு நூல்கள் வருகின்றனவே, அதற்கு என்ன செய்வது?

தம்பி: இரண்டு கோடுகளையும் ஒரே பாதையாக இணைத்த பிறகு விளைவைச் சேருங்கள் அக்கா. ஆனால் இணைத்தால் இரண்டும் ஒரே நிறமாகிவிடும்.

மாமா: அப்படியானால் ஒவ்வொரு நூலின் நுனியிலும் எழுத்துக் குறியிடுங்கள். படங்களை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் கயிற்றில் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

சின்னக்கா: நல்லது மாமா. கோடுகள் மங்கிவிடாமல் இருக்க, புகைப்படமாக அல்லாமல் பிடிஎஃப் கோப்பாகவே இக்குழுவில் போடுகிறேன்.