மறுமொழி: சங்கக் கட்டடத்துக்கு 22 கேமரா – பணம் அனுப்பும் முன் படத்தைப் பாருங்கள்

அன்புள்ள செயலாளர் அண்ணனுக்கும் மற்ற உறவுகளுக்கும்,

ஞாயிற்றுக்கிழமைக்குள் பங்குத் தொகையை அனுப்பச் சொல்லி வந்த மடலைப் பார்த்தேன். தர மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. இரண்டு நாள் பொறுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். காரணம், எந்தக் கேமரா எங்கே என்று மென்பொருளில் குறித்து மடலோடு நீங்கள் இணைத்திருந்த அந்தப் படம்.

அதில் முன்வாசல் கேட்டின் அகலம் 12 மீட்டர் என்று இருக்கிறது. நம் கேட் நமக்குத் தெரியாதா? மணல் லாரி உள்ளே வரும்போது இரண்டு பக்கமும் ஆள் நின்று "வா, வா, நிறுத்து" என்று கத்தினால்தான் தூணில் இடிக்காமல் போகும். 12 மீட்டர் என்றால் நாலு லாரி தோளோடு தோள் நிற்கலாம். அது 12 அடி, அண்ணா. கட்டடத்தின் பழைய வரைபடம் அடிக்கணக்கில் போட்டது. அதை மென்பொருளில் ஏற்றியவர், அளவு கேட்ட கட்டத்தில் 12 என்று அடித்துவிட்டு, பக்கத்தில் 'மீட்டர்' என்று இருந்ததைப் பார்க்காமல் விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கேமரா இடம் குறிக்கும் மென்பொருள் எதை எடுத்தாலும் முதல் வேலை இதுதான். தரைப்படத்தை ஏற்று, இரண்டு புள்ளியைத் தொடு, நடுவில் எவ்வளவு தூரம் என்று சொல் என்று கேட்கும். அந்த ஒரு எண்ணை நம்பித்தான் மீதிக் கணக்கு முழுவதும் நிற்கிறது. அடியை மீட்டராகக் கொடுத்தால் நீளம் 3.28 மடங்கு. பரப்பு பத்து மடங்குக்கும் மேல். மென்பொருள் பொய் சொல்லவில்லை, பாவம். அதனிடம் சொன்ன கட்டடம் அவ்வளவு பெரியது.

கேமரா நிறுவுகிறவரைத் திட்டவும் வேண்டாம். நானே இதைத் தலைகீழாகச் செய்தவன். ஒரு கிடங்குக்கு மீட்டரில் இருந்ததை அடி என்று கொடுத்துவிட்டு, நாலே கேமராவில் முடித்துவிட்டேன் என்று பெருமையாக நின்றேன். பொருத்திய பிறகு திரையைப் போட்டால் ஆள் வருவதும் போவதும் தெரிந்தது, ஒரு முகம் தெரியவில்லை. கைக்காசு போட்டு மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் முதலில் கதவைத்தான் அளப்பேன். உள்கதவு ஒன்றின் அகலம் படத்தில் 3 மீட்டர் என்று காட்டினால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

சரி, எத்தனை கேமரா வேண்டும் என்பதற்கு வருகிறேன். காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பதுதான் கணக்கு. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலை 2014-இல் இதற்கு அளவு கொடுத்தது. ஆள் இருக்கிறான் என்று மட்டும் தெரிய மீட்டருக்கு 25 பிக்சல். பழகிய ஆள்தான் என்று கண்டுகொள்ள 125. முன்பின் பார்க்காதவரையும் இன்னார் என்று உறுதியாகச் சொல்ல 250. சாதாரண 1080பி கேமராவில் குறுக்கே 1920 பிக்சல். 250 ஆல் வகுத்தால் 7.68 மீட்டர். காட்சியின் அகலம் அதைத் தாண்டினால் முகத்தைக் காட்டி இவர்தான் என்று யாரையும் சுட்ட முடியாது. 90 டிகிரி விரியும் லென்ஸில் அந்த அகலம் 3.84 மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும். ஐந்து எட்டு வைத்தால் முடிந்தது.

12 மீட்டர் கேட்டுக்கு அதனால்தான் இரண்டு கேமரா போட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்கு அது சரியான விடைதான். உண்மையான கேட் 3.66 மீட்டர். ஒரு கேமரா போதும், பிக்சல் மிஞ்சும்.

போன வாரம் கிணற்றடி வீட்டுத் தம்பி எந்த மென்பொருளில் படம் கேட்கலாம் என்று ஒரு மடல் போட்டான். ஏணிச் சண்டையில் அது அமுங்கிப் போய்விட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆக்சிஸ் சைட் டிசைனர் உலாவியிலேயே ஓடும், காசில்லை, பதிவு வட்டு எவ்வளவு வேண்டும் என்றும் சொல்லும். ஆனால் அது ஆக்சிஸ் நிறுவனம் தன் கேமராக்களுக்காகச் செய்தது. கடைக்காரரே அளவெடுத்துச் சொல்கிற மாதிரி. எந்த நிறுவனம் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்களுக்கு நல்லது. இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு, எந்த நிறுவனத்தையும் சாராத ஜேவிஎஸ்ஜியின் ஐபி வீடியோ சிஸ்டம் டிசைன் டூல் இருக்கிறது. விண்டோஸ் கணினியில் நிறுவ வேண்டும், உரிமம் காசு, சோதனைப் பதிப்பு உண்டு. அதில் சுவர் எழுப்பி, பொம்மை மனிதன் ஒருவனை கேட்டருகே நிறுத்தினால், கேமராவில் அவன் எப்படித் தெரிவான் என்று காட்டும். எனக்கு அந்தப் பொம்மை மனிதன்தான் முக்கியம். கேமரா பார்க்கும் பகுதி என்று படத்தில் போடுகிற வண்ண முக்கோணத்தைப் பார்த்து எல்லோரும் தலையாட்டுவோம். பொம்மையின் முகம் மங்கலாக இருந்தால் யாரும் தலையாட்ட மாட்டோம்.

சிஸ்டம் சர்வேயர் என்று ஒன்று, டேப்லட்டோடு இடத்தைச் சுற்றி நடந்தபடியே குறிக்கலாம். சந்தா கட்ட வேண்டும், அடுத்தடுத்து பல இடம் பார்க்கிற தொழில்காரர்களுக்கானது. ஐபிவிஎம் கருவியில் செயற்கைக்கோள் வரைபடத்தின் மேலேயே கேமராவை வைக்கலாம், வெளிமுற்றத்துக்கு வசதி. நமக்கு ஒரே கட்டடம், ஒரே தடவை. சந்தா எதிலும் மாட்ட வேண்டாம். நான் ஜேவிஎஸ்ஜி சோதனைப் பதிப்பில் போட்டுப் பார்த்தேன். அடியை அடியாகக் கொடுத்ததும் 9 கேமராவில் வந்து நின்றது. தாழ்வாரத் தூண் மறைவுக்கு ஒன்று கூடினாலும் 10.

வட்டும் குறையும். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளைக்கு 43.2 ஜிகாபைட். 30 நாள் வைத்துக்கொள்ள 22 கேமராவுக்கு 28.5 டெராபைட். 9 என்றால் 11.7.

உயரத்தையும் மாற்றச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் 5 மீட்டரில் குறித்திருக்கிறார்கள். அங்கிருந்து, 3.84 மீட்டர் தள்ளி நிற்பவரைப் பார்த்தால் 40 டிகிரிக்கு மேல் சாய்வு. நம் சங்கத்து ஆண்கள் எல்லோருக்கும் வழுக்கைதான் தெரியும், யார் யார் என்று பிரிக்கவே முடியாது. 3 மீட்டரில் வைத்தால் சாய்வு 20 டிகிரி அளவுக்கு இறங்கும்.

கடைசியாக ஒன்று. எந்த மூலை கேமராவில் விழாது என்பதைச் சாம்பல் நிறத்தில் அழகாகக் காட்டும் படத்தை இந்தக் குழு முழுவதற்கும் அனுப்பியிருக்கிறீர்கள், அண்ணா. அடுத்த படத்தைக் குழுவில் போட வேண்டாம்.

வாத்தியார் வீட்டு இளையவன்

–––

அனுப்புநர்: மேலவீட்டு மாமா

தம்பி, நீ படித்தவன், மறுக்கவில்லை. ஆனால் 22 என்று பலகை எழுதக் கொடுத்தாயிற்று. இப்போது 9 என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? காசு பிரியவில்லை என்றுதானே? கட்டடம் எழும்பும்போது நாங்கள் தலையில் கல் சுமந்தோம். அன்று யாரும் மீட்டருக்கு எத்தனை கல் என்று கணக்குப் போடவில்லை. குறைக்கிறதாக இருந்தால் குறை, ஒன்பதும் 4கே ஆக இருக்கட்டும். அந்த வேப்பமரத்தின் பக்கம் ஒன்று கட்டாயம் வேண்டும். அதன் அடியில்தான் உன் அப்பா எனக்குக் கூட்டல் சொல்லிக் கொடுத்தார்.

–––

அனுப்புநர்: பொருளாளர்

மாமாவுக்கு வணக்கம். பலகைக்கு யார் பணம் கொடுத்தது? என்னிடம் ரசீது இல்லை.

இளையவன் அண்ணாவுக்கு: மதிப்பீட்டில் 'வடிவமைப்புக் கட்டணம்' என்று ஒரு வரி இருக்கிறது. மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது என்கிறீர்கள். அப்புறம் எதற்குக் கட்டணம்? உரிமம் வாங்கினாலும் யார் பெயரில் இருக்கும்? சங்கத்தின் இணையதளப் பெயரை ஒருவர் சொந்தப் பெயரில் வாங்கி, மனஸ்தாபத்தில் புதுப்பிக்காமல் விட்டதை நான் மறக்கவில்லை. அவரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். கேமராவின் நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் என்பதையும் இப்போதே எழுத்தில் போட்டுவிட வேண்டும்.

இன்னொன்று. கணக்கில் ஏணி என்று ஒரு வரி மூன்று வருடமாக இருக்கிறது. ஏணி எங்கே?

–––

அனுப்புநர்: சின்னம்மா மகள்

நான் போன மாதம்தான் போய் வந்தேன். கட்டடத்தின் பின்சுவரில் கேமரா வைக்கச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். அந்தக் குறிக்குக் கீழே நின்று பார்த்தேன். நேர் எதிரே எங்கள் துவைக்கிற கல். அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் துணிக்கொடியை வீட்டுக்குப் பக்கவாட்டில் மாற்றிக் கட்டியிருக்கிறார்.

செயலாளரிடம் கேட்டால் படத்தைக் காட்டுகிறார், "பார் அக்கா, முக்கோணம் நம் சுவருக்கு உள்ளேயே முடிகிறது" என்கிறார். படத்தில் அப்படித்தான் இருக்கிறது. என் கண்ணுக்கு அப்படி இல்லை. சுற்றுச்சுவர் கட்டும்போதும் ஒரு படத்தைக் காட்டித்தான் எங்கள் வாயை அடைத்தீர்கள். அப்பா இருக்கும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேச மாட்டேன். ஆனால் இந்தக் கேமராவுக்கு நான் ஒரு காசு தர மாட்டேன்.

–––

அனுப்புநர்: வாத்தியார் வீட்டு இளையவன்

அக்கா, உங்கள் கண்தான் சரி. நான் கேமரா எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிர இதைப் பார்க்காமல் விட்டேன்.

அந்தப் பெருக்கல் குறியிலிருந்து சுற்றுச்சுவருக்குப் படத்தில் 18 மீட்டர். முக்கோணம் 15 மீட்டரில் முடிகிறது. அதனால் உள்ளேயே நிற்பதாகத் தெரிகிறது. உண்மையில் அது 18 அடி, அதாவது ஐந்தரை மீட்டர். லென்ஸுக்கு அடியும் தெரியாது மீட்டரும் தெரியாது, அது பாட்டுக்கு 15 மீட்டர் பார்க்கும். சுவரின் உயரத்தைத் தாண்டி ஒன்பதரை மீட்டர் உங்கள் முற்றத்துக்குள் போகும். துவைக்கிற கல் மட்டுமில்லை, பின்கதவும் விழும். முக்கோணத்தின் நுனியில் பார்வை முடிந்துவிடுவதும் இல்லை. நாம் கேட்ட தெளிவு அதுவரை கிடைக்கும் என்பதுதான் அதன் பொருள். அதற்கு அப்பாலும் ஆள் நடமாட்டம் தெரியும்.

மறைப்புக் கட்டம் போடலாம் என்பார்கள், திரையில் அந்தப் பகுதியைக் கறுப்பாக்குவது. கடவுச்சொல் வைத்திருப்பவர் நினைத்தால் எடுத்துவிடலாம். அதை வைத்து அம்மாவைச் சமாதானப்படுத்தச் சொல்ல மாட்டேன். அந்தக் கேமராவைச் சுவரின் மேல் வைத்து நம் கட்டடத்தைப் பார்க்கத் திருப்பினால் பின்கதவு, சன்னல் இரண்டும் விழும், உங்கள் பக்கம் முதுகு காட்டி நிற்கும். பொம்மை மனிதனை உங்கள் கல்லருகே நிறுத்திப் பார்த்தேன், எந்தக் கேமராவிலும் அவன் வரவில்லை. அந்தக் காட்சியை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

பொருளாளர் தம்பிக்கு: மென்பொருள் இலவசம்தான், இடத்தை அளக்க வந்தவரின் நாள் இலவசமில்லை. கட்டணம் கொடுங்கள், ஆனால் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு விடாதீர்கள். மென்பொருளில் திறக்கிற மூலக் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு கேமராவை நகர்த்த மறுபடி அவரையே கூப்பிட வேண்டும்.

மாமா, 4கே என்றால் குறுக்கே பிக்சல் இரு மடங்கு, அதனால் முகம் தெளிவாக எட்டும் தூரமும் இரு மடங்காகும், 3.84 மீட்டர் போய் 7.68 ஆகும். கேட்டில் அது வீண். முற்றத்தைப் பார்க்கும் இரண்டுக்கு மட்டும் போடலாம். வேப்பமரத்தை நான் மென்பொருளில் வரையவே இல்லை, நீங்கள் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. வரைந்தால் வடமேற்குக் கேமராவில் பாதி இலைதான். மரத்தில் கை வைக்க வேண்டாம், கேமராவை நகர்த்துவோம். இருட்டில் பார்க்கக் கேமராவில் இருக்கும் அகச்சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் கிளை இருந்தால் இரவில் இலை வெள்ளையாகப் பளபளக்கும், பின்னால் எதுவும் தெரியாது.

–––

அனுப்புநர்: செயலாளர்

எல்லோருக்கும் வணக்கம். தங்கை மகனை அனுப்பி அளக்கச் சொன்னேன். கேட் 12 அடி 4 அங்குலம். பின்சுவர்க் குறியிலிருந்து சுற்றுச்சுவருக்கு 18 அடிக்குக் கொஞ்சம் குறைவு. நிறுவுகிறவர் தப்பை ஒத்துக்கொண்டார், அடிக்கணக்கில் புதுப் படமும் மூலக் கோப்பும் வியாழக்கிழமை தருகிறார். வந்ததும் இளையவனுக்கும் பொருளாளருக்கும் அக்காவுக்கும் மட்டும் அனுப்புகிறேன். அதுவரை யாரும் பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பியவர்கள் இரண்டு பேர், அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

பின்சுவர் சாக்பீஸ் குறியை அழித்தாயிற்று. சின்னம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன்.

பலகைக்கு மாமாதான் கைக்காசு கொடுத்தார்.

ஏணி என் வீட்டில்தான் இருக்கிறது. இரண்டு படி உடைந்திருக்கிறது, அதனால்தான் சொல்லவில்லை.